ராத்திரி வேலைக்காரர்களுக்கு: நடுச்சாமச் சாப்பாட்டையும் தொப்பையையும் சரிசெய்யும் வழி

மலேசியாவில், தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பத்தொன்பது வருடமாக எடை மேடைக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரத்தில் மாலை 7 மணிக்கு உட்கார்ந்தால் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் வீட்டுக்கு. செம்பனைப் பழக் குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம். தொப்பையைக் குறைப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் என்பது புரிய எனக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

அந்த வயதில் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம். இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். "அண்ணே, 6.3க்குப் போனா இனிப்பு நீர்னு எழுதிடுவோம். இப்பவே பாத்துக்குங்க" என்றார் மிஸ்ஸி (தாதி). என் அப்பா இனிப்பு நீரால், அதாவது நீரிழிவால், ஒரு காலை இழந்தவர். அவர் தோட்டத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காட்சி எனக்குப் போதும். அன்றிலிருந்து பதினான்கு மாதத்தில் 104 என்பது 94 ஆனது, எடை 89 கிலோவிலிருந்து 80. செய்ததை, செய்து ஏமாந்ததையும் சேர்த்து, சொல்கிறேன்.

முதலில் அளவெடுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் தையல்காரர் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளிழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டதும் பாருங்கள். சிலுவார் (கால்சட்டை) பட்டை நிற்கும் இடத்தில் அளந்தால் பலருக்குத் தப்பான எண் வரும், ஏனென்றால் பட்டை தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். நம் நாட்டு அளவுகோலில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், பசியாறுவதற்கு முன் அளந்து நோட்டில் எழுதுங்கள். தினமும் வேண்டாம், வீணாக மனம்தான் அலையும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். "ஆறு மணிக்கு மேல் சாப்பிட்டால் அத்தனையும் கொழுப்பாகும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பி மாலை ஐந்தரைக்குச் சாப்பிட்டு முடித்துக்கொண்டேன். இரவு 2 மணிக்குக் கை நடுங்கும். ஆலைக்கு எதிரே மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) விடிய விடியத் திறந்திருக்கும். போனால் இரண்டு ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). ஒரு ரொட்டி ஏறக்குறைய 300 கலோரி, டின் பால் ஊற்றிய தே தாரிக் ஏறக்குறைய 180. மொத்தம் 780. ஐந்து இரவுக்கு 3,900, பத்து இரவுக்கு 7,800. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. உடம்பு இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்காது, உண்மைதான். ஆனாலும் பகலில் வழக்கம்போல் சாப்பிட்டு, அதற்கு மேல் இதையும் ஏற்றினால் எங்கே போய் நிற்கும் என்று தெரிகிறதல்லவா.

நேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் வேகம் குறைவு. அமெரிக்காவில் 2022ல் வெளியான ஒரு சோதனையில், கூடுதல் எடையுள்ள 16 பேருக்கு அதே சாப்பாட்டை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, உடம்பு எரிக்கும் சக்தி சிறிது குறைந்தது. ஆனால் அதே ஆண்டு சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். எல்லாருக்கும் கலோரி அளவாகக் குறைக்கப்பட்டது, பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4க்குள் மட்டும் சாப்பிட்டார்கள். எடை குறைந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் தட்டைப் பாருங்கள் என்பேன். 1885ல் கட்டிய எங்கள் ஊர் சாய்ந்த கோபுரத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் ஆறு அடித்ததும் வயிற்றுக்குள் எந்தக் கதவும் சாத்திக்கொள்வதில்லை.

இப்போது என் இரவு இப்படிப் போகிறது. ஆறரைக்கு வீட்டில் முழுச் சாப்பாடு. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி. சுகாதார அமைச்சு மலாயில் சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" (கால், கால், பாதி) அதுதான். ஆரம்பத்தில் என் மனைவி சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானா? ராத்திரி தாங்குமாங்க?" என்று கேட்டாள். கீரையும் பயற்றங்காயும் இரண்டு மடங்கானதும் தாங்கியது.

நள்ளிரவு 12க்கும் 1க்கும் இடையில் ஒரு சின்ன டப்பா. அவித்த முட்டை இரண்டு, அரைக் கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டல், வெள்ளரிக்காய். எல்லாம் சேர்த்து 300 கலோரிக்குப் பக்கம்தான், ஆனால் விடியும்வரை பசி அடங்கியிருக்கிறது. இந்த டப்பாதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. பசியை அடக்கிப் பார்க்காதீர்கள், அது வருவதற்கு முன்பே கையில் சாப்பாடு இருக்கட்டும். மறந்துபோய் டப்பா இல்லாமல் கிளம்பிய நாட்களில் ஒரு தோசையும் சாம்பாரும் வாங்கிக்கொள்வேன், ரொட்டிப் பக்கம் போக மாட்டேன். மீ கோரேங், மேகி கோரேங் (பொரித்த நூடுல்ஸ்) இரண்டும் ரொட்டியைவிட மோசம், எண்ணெயே பாதி. கூட்டாளிகளோடு கடையில் உட்கார வேண்டியிருந்தால் உட்காருங்கள், தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் கசக்கும், அப்புறம் நாக்குப் பழகிவிடும். அதுவும் முடியாவிட்டால் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்றாவது சொல்லுங்கள்.

2 மணிக்கு மேல் கொப்பி (காப்பி) வேண்டாம். அதிலுள்ள காஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். காலைத் தூக்கம் கெடும். வீடு திரும்பியதும் இரண்டு இட்லி, பிறகு தூக்கம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல். பெரிய சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி தேவை.

தூக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். சிக்காகோவில் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய 80 பேரிடம் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டச் செய்தார்கள். உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒரு ரொட்டி சானாய்! நான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன், கைப்பேசியைக் கூடத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மதியம்வரை வாசலில் பந்து விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டால் செய்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

சரி, தொப்பைக்கு வருவோம். ஒரு லோரி ஓட்டுநர், என் தம்பி வயது, மேடையில் காத்திருக்கும்போது கேட்டார்: "அண்ணே, வயித்த மட்டும் கொறைக்க ஏதாச்சும் எக்சசைஸ் இருக்கா?" இல்லை தம்பி. நானும் தினம் நூறு சிட்டப் எடுத்தேன். உள்ளே தசை இறுகியது, மேலே இருந்த கொழுப்பு அப்படியே இருந்தது. கலிபோர்னியாவில் 1971ல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். மட்டை பிடிக்கும் கை பெரிதாக இருந்தது, ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு இரண்டு கையிலும் ஒரே அளவு. உழைக்கும் இடத்திலிருந்து கொழுப்பு கரைவதாக இருந்தால் அந்த ஒரு கை மெலிந்திருக்க வேண்டும். எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது. எனக்கு முகமும் கழுத்தும் முதலில் வற்றின, வயிறு நான்காம் மாதம்தான் அசைந்தது. அந்த நான்கு மாதத்தில் விட்டுவிடாதீர்கள்.

வியர்க்க வைக்கும் இடுப்புப் பட்டை, பிளாஸ்டிக் சுற்றுவது எல்லாம் வெறும் தண்ணீர்க் கணக்கு. மழையில் நனைந்த குலை மேடையில் கூடுதல் எடை காட்டும். தண்ணீர் வடிந்ததும் எண் இறங்கும், எண்ணெய் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதே மாதிரிதான். கொழுப்பு வியர்வையாக ஒழுகுவதே கிடையாது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோதான் நீராகிறது.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று என் பாட்டி சொல்வார். கொள்ளு நல்ல பயறு, புரதமும் நாரும் உண்டு, பசி தாங்கும். சோற்றைக் குறைத்துவிட்டுக் கொள்ளுத் துவையல் சாப்பிட்டால் பலன் தெரியும். வழக்கமான சோற்றோடு கூடுதலாகக் கொள்ளு ரசம் குடித்தால் தெரியாது. எலுமிச்சை கலந்த வெந்நீரும் அப்படித்தான்; இனிப்புத் தண்ணீருக்குப் பதிலாகக் குடித்தால் லாபம், மற்றபடி அது வெந்நீர்.

ஒல்லியாக்கும் கொப்பியை மட்டும் தொடவே தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொருட்களில் சிபுட்ராமின் என்ற மருந்து ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. எங்கள் ஆலையில் ஒருவர் ஒரு பாக்கெட் வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்து எடை மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பிழைத்தார். மாத்திரை வடிவில் யாராவது விற்றால் பெட்டியில் "எம்ஏஎல்" (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடை முக்கியம், ஆனால் நீண்ட விளக்கம் தேவையில்லை. தூங்கி எழுந்ததும் மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறேன், வாரம் இரண்டு நாள் அரிசி மூட்டையைத் தூக்கி இறக்குகிறேன். தசை கரையாமல் இருக்க அது வேண்டும்.

இனிப்பு நீருக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்த நேரங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். சாப்பாடு குறைந்து மருந்து அதே அளவில் நின்றால் நடுச்சாமத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். முதலில் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, வேலை நேரத்தையும் ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிய நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி வேலை என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று அதைப் பார்த்துத்தான் மாற்றிக் கொடுப்பார்கள்.