கோல்டு கார்டும் உள்நாட்டு விமானமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் உள்நாட்டு விமானம் என்ற ஒன்றே கிடையாது. சாங்கியில் ஏறினாலே வெளிநாட்டுப் பயணம்தான். அதனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர் திட்டத்தில் எலீட் கோல்டு தகுதி புதிதாகக் கைக்கு வந்தவர்கள், லாஞ்ச் எனும் ஓய்வறை, கூடுதல் பெட்டி எடை என்று இங்கே நடக்கும் கவனிப்பு சென்னையிலும் டெல்லியிலும் அமெரிக்காவிலும் உள்நாட்டு விமானம் ஏறும்போதும் அப்படியே தொடரும் என்று நம்பிவிடுகிறார்கள். 12 மாதத்தில் 50,000 எலீட் மைல் (தகுதிக்கான மைல்) பறந்து சேர்த்த தகுதி கவுண்டரில் வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. கார்டை மறப்பது, பெயரில் எழுத்துப் பிழை போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

கிரெடிட் கார்டு மைல்

டிக்கெட் எடுக்க உதவும். எலீட் கணக்கில் சேராது.

சில்வர்

கோல்டுக்குக் கீழ்ப்படி. லாஞ்சும் இல்லை, கூடுதல் கிலோவும் இல்லை.

45 கிலோவோடு இறங்கி 15 கிலோ விமானத்தில் ஏறுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சலும் இதில்தான் அதிகம், ஏனென்றால் டிக்கெட் எடுக்கும்போது ஐந்து நிமிடம் யோசித்தாலே தவிர்த்துவிடலாம்.

மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகும் ஒருவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சென்னை வரை ஒரு டிக்கெட் எடுக்கிறார். எகானமியின் மலிவுக் கட்டணத்தில் 25 கிலோ. கோல்டுக்கு இன்னும் 20 கிலோ. ஆக 45. முஸ்தபா கடையில் வாங்கிய பால் மாவு, மைலோ, கோடாலித் தைலம், சாக்லேட் எல்லாம் இரண்டு பெட்டிகளில் தாராளமாக அடங்கிவிடும். சாங்கியில் பிரையாரிட்டி டேக் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

சென்னையிலிருந்து இண்டிகோவில் தனி டிக்கெட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இண்டிகோ இல்லை. உள்நாட்டுப் பயணத்துக்கு அங்கே 15 கிலோதான். கோல்டு கார்டுக்கு அந்தக் கவுண்டரில் எந்த மதிப்பும் கிடையாது. எடைப் பலகையில் 45 என்று எண் எரியும்போது, 30 கிலோவுக்கு அங்கேயே பணம் கட்ட வேண்டும். பெட்டியைத் தரையில் பிரித்துப்போட்டு, எதை விட்டுவிட்டுப் போவது என்று கணவனும் மனைவியும் தடுமாறுவது சென்னையில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி.

“சாங்கியிலேயே மதுரை வரைக்கும் டேக் போட்டுவிட மாட்டார்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டார்கள். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனை, பெட்டியை எடுப்பது, சுங்கம் எல்லாம் முடித்தாக வேண்டும். பிறகு உள்நாட்டு முனையத்துக்குப் போய் மறுபடியும் செக்-இன். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், தனித்தனி டிக்கெட் என்றால் பொறுப்பேற்க ஆளில்லை. நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

வழிகள் மூன்று. ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர். அவர்கள் விமானம் போகும் ஊர் என்றால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். உள்நாட்டுப் பகுதியிலும் கோல்டு செல்லும். ஆனால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வேறு நிறுவனம், ஸ்டார் அலையன்ஸில் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாவது, தனி டிக்கெட்தான் வழி என்றால், அதை வாங்கும் அன்றே கூடுதல் கிலோவையும் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கவுண்டர் விலையை விடக் குறைவு. மூன்றாவது, திருச்சி, கோயம்புத்தூர் போன்ற ஊர்களுக்கு நேரடி மலிவுக் கட்டண விமானத்தில் தேவையான கிலோவைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது. கோல்டு சலுகையை ஒருமுறை விட்டுக்கொடுத்தாலும், பல நேரம் இதுதான் லாபம்.

விமான எண்ணை மட்டும் பார்ப்பது

டிக்கெட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ எண் இருக்கும், பறப்பது வேறு நிறுவனமாக இருக்கும். கோலாலம்பூருக்கு அந்த எண்ணில் மலேசியா ஏர்லைன்ஸ் விமானமும் உண்டு. அது ஒன்வேர்ல்டு என்ற வேறு கூட்டணி. ஸ்டார் கோல்டு (ஸ்டார் அலையன்ஸில் கிரிஸ்ஃபிளையர் கோல்டுக்கு உள்ள பெயர்) லாஞ்ச் அங்கே கிடையாது. விமானத்தை இயக்குவது யார் என்று சிறிய எழுத்தில் இருக்கும் வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அமெரிக்காவில் உறுப்பினர் எண்ணை மாற்றிக் கொடுப்பது

இது தலைகீழ் கதை. ஸ்டார் அலையன்ஸில் உள்ள யுனைடெட் ஏர்லைன்ஸின் சொந்த மைலேஜ்பிளஸ் திட்டத்தின் கோல்டு உறுப்பினருக்கு, பயணம் முழுவதும் உள்நாட்டுக்குள்ளேயே என்றால் அதன் லாஞ்சான யுனைடெட் கிளப்புக்குள் இடமில்லை. கிரிஸ்ஃபிளையர் கோல்டு வைத்திருப்பவர் அதே விமானத்தில் போனால் உள்ளே போகலாம். அங்கே வேலைக்குப் போன சிலர், யுனைடெட்டில்தானே பறக்கிறோம் என்று மைலேஜ்பிளஸுக்குத் தாவி, இருந்த வசதியைத் தாங்களே தொலைக்கிறார்கள். டெல்டா ஏர்லைன்ஸில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்: அது ஸ்கைடீம் என்ற வேறு கூட்டணி, அங்கே எலீட் பிளஸ் தகுதிக்கான லாஞ்சும் வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான்.

போர்டிங் பாஸில் ஸ்டார் கோல்டு என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டிக்கு டேக் அடிக்கும் முன்பே கிரிஸ்ஃபிளையர் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

குடும்பம்

கூடுதல் 20 கிலோ உறுப்பினருக்கு மட்டும். லாஞ்சுக்கு விருந்தினர் ஒருவர்தான், அவரும் ஸ்டார் அலையன்ஸ் விமானத்தில் பறப்பவராக இருக்க வேண்டும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தால், யார் வெளியே காத்திருப்பது என்பதை வாசலில் நின்று பேசாமல் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.