வீட்டுப் பட்டறையில் எஃகு இலக்குத் தகடு வெட்டும் முறை

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கான எஃகு இலக்கை வெட்டுபவர் முதலில் கவலைப்பட வேண்டியது தகட்டின் கடினத்தன்மையைப் பற்றி. வடிவம் அதற்கு அடுத்தபடிதான். கடினமான சமதளத்தில் மோதும் ஈயத் தோட்டா சிதறி, அதன் துணுக்குகள் தகட்டின் பரப்பை ஒட்டியே பக்கவாட்டில் பறந்துவிடும். தகடு மென்மையாக இருந்து குழி விழுந்துவிட்டால், அடுத்த தோட்டாவின் துணுக்குகளை அந்தக் குழி சுட்டவரை நோக்கியே திருப்பி அனுப்பும். நான் முதன்முதலில் சாதாரண இரும்புத் தகட்டில் ஓர் இலக்கை வெட்டினேன். ரைஃபிள் தோட்டா பட்ட இடங்களில் கட்டைவிரல் நுனி பதியும் ஆழத்துக்குக் குழிகளும், அவற்றைச் சுற்றிக் கூரான விளிம்புகளும் எழுந்திருந்ததைப் பார்த்த அன்றே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

கடினத்தை அளக்கும் பிரினெல் எண் (எண் கூடினால் கடினமும் கூடும்) சாதாரண இரும்புக்கு ஏறக்குறைய 120; இலக்குக்கு உகந்த, தேய்மானம் தாங்கும் ஏஆர்500 வகைத் தகட்டில் அது சுமார் 500. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஆலைச் சான்றிதழோடு வரும் தகட்டை மட்டுமே வாங்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கு 6 மி.மீ. கனம் போதும், ரைஃபிளுக்கு 10 மி.மீ. வேண்டும்.

இந்தத் தகட்டை ஆலையில் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துத்தான் கடினமாக்குகிறார்கள். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டி மீண்டும் சூடேறினால் அந்தக் கடினம் படிப்படியாகக் குறையத் தொடங்கும். அப்படிக் குறைந்த கடினம் தானாகத் திரும்பி வராது. கேஸ் கட்டிங்கில் சூடு மெதுவாக, அகலமாகப் பரவுவதால் இலக்குக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. மிகை அழுத்த நீரால் வெட்டும் நீர்த்தாரை வெட்டில் இந்தச் சேதமே கிடையாது. ஆனால் அந்த இயந்திரம் வீட்டுப் பட்டறையில் இருப்பது அரிது. மின்வில்லால் கொதிக்கும் வாயுத் தாரையைக் கொண்டு வேகமாக வெட்டி, சூட்டை விளிம்பிலேயே நிறுத்தும் பிளாஸ்மா கட்டர்தான் நமக்கு ஏற்றது. 10 மி.மீ. தகட்டுக்கு 45 முதல் 60 ஆம்பியர் வரை தரும் கட்டரும், ஈரமில்லாத காற்றைத் தரும் கம்ப்ரஸரும் தேவை. காற்றில் ஈரம் இருந்தால் டார்ச் எனப்படும் வெட்டுமுனையிலுள்ள நாசிலும் எலக்ட்ரோடும் சீக்கிரம் தேய்ந்து, வெட்டு கோணலாகும்.

தகட்டில் வடிவத்தை வரைந்து, ஒட்டுப்பலகையில் செய்த வழிகாட்டி அச்சை அதன்மேல் இறுகக் கவ்வி, டார்ச்சை அதன் ஓரமாக நகர்த்துங்கள். முதலில் போல்ட் துளைகளையும் பிறகு வெளிவிளிம்பையும் வெட்ட வேண்டும். வெளிவிளிம்புக்கான முதல் துளையைக் கழிவுப் பக்கத்தில் போட்டு, அங்கிருந்து கோட்டுக்குள் நுழையுங்கள். துளையிடும் இடத்தில்தான் சூடு அதிகம் தேங்கும். பெரும்பாலான டார்ச்களில் வாயு சுழன்று வெளிவருவதால், நகரும் திசைக்கு வலப்பக்க விளிம்பு செங்குத்தாகவும் இடப்பக்க விளிம்பு சற்றுச் சரிவாகவும் அமையும். எனவே வெளிவிளிம்பைக் கடிகாரச் சுற்றிலும், துளையை எதிர்ச்சுற்றிலும் வெட்டினால் நல்ல விளிம்பு இலக்கின் பக்கமே நிற்கும்.

வேகத்தைத் தகட்டின் அடியில் பறக்கும் தீப்பொறியே சொல்லிவிடும். அது நேராகக் கீழே விழுந்தால் கை மெதுவாகப் போகிறது என்று பொருள். 15 முதல் 30 டிகிரி வரை பின்னோக்கிச் சாய்ந்தால் வேகம் சரி. வெட்டிய பின் அடியில் தடித்து, தட்டினால் உதிரும் கசடு மெதுவான வெட்டுக்கு அடையாளம். மெல்லியதாக ஒட்டிக்கொண்டு கிரைண்டரைக் கேட்கும் கசடு அளவுமீறிய வேகத்துக்கு அடையாளம். ஒரே தகட்டில் பல இலக்குகளை வெட்டும்போது, ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தகட்டின் மறுகோடியில் தொடங்குங்கள். முதலில் வெட்டிய இடம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே அதன் பக்கத்தில் டார்ச்சை வைக்க வேண்டும்.

வெட்டு ஆறியதும் விளிம்பை ஒட்டிய முகப்பைக் கவனியுங்கள். முகப்பு பளபளப்பாக இருக்குமானால், விளிம்புக்கு உள்ளே வைக்கோல் மஞ்சளும் விளிம்பை நெருங்க நீலமுமாக ஒரு பட்டை தெரியும். சூட்டால் மென்மையாகிவிட்ட பகுதி அந்தப் பட்டைதான். கண்ணை மட்டும் நம்ப விருப்பமில்லையென்றால், ஒரே விசையில் அடிக்கும் ஸ்பிரிங் சென்டர் பஞ்சால் அந்தப் பட்டையில் ஒரு புள்ளியும் நடுத்தகட்டில் ஒரு புள்ளியும் அடித்துப் பாருங்கள். பட்டையில் விழும் புள்ளி பெரிதாக இருக்கும். நல்ல வெட்டில் இந்தப் பட்டை சில மி.மீ. அகலத்தைத் தாண்டாது. அதைவிட அகன்றிருந்தால் அந்தத் தகட்டைச் சுடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

தொங்கவிடும் துளையை நடுவில் போடாமல் மேல்விளிம்புக்கு அருகில், ஆனால் விளிம்பிலிருந்து போதிய இடைவெளி விட்டுப் போடுங்கள். சதுரக் கழுத்துள்ள கேரியேஜ் போல்ட்டுக்காகச் சதுரத் துளை வெட்டினால் மூலைகளைச் சற்று உருட்டிவிட வேண்டும். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். கொக்கியையோ தாங்கியையோ இலக்கின் பின்புறத்தில் வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங் சூடு முகப்பு வரை ஊடுருவி, தோட்டா படும் இடத்தையே மென்மையாக்கிவிடும்.

வெட்டும்போது தோல் கையுறை, பருத்தி உடை, குறைந்தது 6 ஆம் எண் கறுப்புக் கண்ணாடி, புகையை வெளியே இழுக்கும் விசிறி ஆகிய நான்கும் கட்டாயம். விளிம்பில் எழும் பிசிறையும் கசடையும் கிரைண்டரால் எடுக்கும்போதும் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தக் கூடாது; தகடு நீலம் பூத்தால் அதுவும் சூட்டுச் சேதமே.

மாட்டும்போது தகட்டின் முகப்பு தரையைப் பார்க்கும்படி 20 டிகிரி அளவு முன்னோக்கிச் சாய்த்தால், துணுக்குகள் கீழே போகும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 மீட்டரும், ரைஃபிளுக்கு 100 மீட்டரும் தள்ளி நின்று, பார்ப்பவர் உட்பட அனைவரும் கண் பாதுகாப்பு அணிந்தே சுட வேண்டும். எஃகு உள்ளீடு கொண்ட தோட்டாக்களை எந்தத் தகட்டிலும் சுடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் முகப்பை விரலால் தடவிப் பாருங்கள். குழியோ விரிசலோ தட்டுப்பட்டால் அந்த இலக்கை அப்போதே கழற்றிவிடுங்கள்.