தரங்கம்பாடியைக் கடலிலிருந்து நடந்து பாருங்கள்

தரங்கம்பாடிக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஊர் வாசலில் நுழைந்து நேராகக் கோட்டைக்குப் போய், நாலு படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் காரைக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வண்டியை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, கிங் ஸ்ட்ரீட்டில் எங்கும் நிற்காமல் கடற்கரை வரை போய், அங்கிருந்து மேற்கே திரும்பி நடக்க ஆரம்பியுங்கள். ஊர் வளர்ந்த வரிசை அப்போதுதான் பிடிபடும்.

முதலில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். டேனிஷ்காரர்கள் வந்து இறங்குவதற்கு 300 வருடம் முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதற்கு இந்தக் கோயில்தான் சாட்சி, அதனால் இதைத் தவறவிடவே கூடாது.

அப்புறம் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்ததும் நடுக்கூடத்தில் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்: ஒட்டகத் திமில் மாதிரி நான்கு கூரைகள் கவிந்து வந்து நடுவில் ஒரே தூணில் இறங்குகின்றன. எனக்கு இந்தக் கோட்டையிலேயே பிடித்த இடம் அதுதான். மூடும் நேரத்தை முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப கிங் ஸ்ட்ரீட். இங்கே மெதுவாக நடக்க வேண்டும். தடித்த சுவர், உயரமான தூண் வைத்த வராந்தா, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரியும் செங்கல், எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை. சீயோன் தேவாலயம் 1701. புதிய எருசலேம் தேவாலயம் 1718, அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் கிரீடச் சின்னமும் பெயரெழுத்தும் இன்னும் இருக்கின்றன. 1706ல் வந்து, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இங்கேயே அச்சிட்ட ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு இந்தத் தேவாலயத்துக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வழிபாடு நடக்கும் இடம், செருப்பை வெளியே விட்டு அமைதியாகப் போங்கள்.

கடைசியில் 1792ல் கட்டிய ஊர் வாசல். அடுத்த 53 வருடத்தில், 1845ல், ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

பிற்பகலில் கிளம்பினால் திரும்பும்போது வெயில் முகத்தில் அடிக்கும், அதனால் காலை 8 மணிக்குக் கடற்கரையில் இருங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.