210665: ஓர் அஞ்சல் குறியீட்டின் காரணிகளைக் கண்டறியும் முறை

தேக்கா நிலையம் அமைந்துள்ள பஃபலோ சாலை, புளோக் 665இன் அஞ்சல் குறியீடு 210665. சிங்கப்பூரில் நாள்தோறும் கண்ணில் படும் இத்தகைய ஆறிலக்க எண்ணை ஒரு முழு எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டு, உயர்நிலை ஒன்றில் கற்பிக்கப்படும் பகாக் காரணிப் பிரிப்பைக் கொண்டு ஆராய்வோம். கணிப்பான் தேவையில்லை, தாளும் பேனாவும் போதும்.

படி 1: எல்லையை வகுத்தல்

பகா எண்ணாக இல்லாத எந்த எண்ணுக்கும், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றேனும் இருக்கும். 458இன் வர்க்கம் 209764, 459இன் வர்க்கம் 210681. ஆகவே 458 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். இந்த இரண்டு வர்க்கங்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

படி 2: வகுத்தல்

எண் ஒற்றைப்படை, இலக்கங்களின் கூடுதல் 20 என்பதால் 3ஆலும் வகுபடாது. 5இல் முடிவதால் 5ஆல் வகுக்க, 42133 கிடைக்கிறது. இதை 42000 + 133 என்று பிரித்தால் இரு பகுதிகளுமே 7ஆல் வகுபடுவது உடனே தெரியும், ஈவு 6019. இது மீண்டும் 7ஆலோ 11ஆலோ வகுபடாது. ஆனால் 6019 = 6500 − 481 என்பதால் 13ஆல் வகுபட்டு 463 ஆகிறது. 463இன் வர்க்கமூலம் 22க்கும் குறைவு; 19 வரையுள்ள எந்தப் பகா எண்ணும் அதை மீதியின்றி வகுக்காததால் அது பகா எண்.

210665 = 5 × 7 × 13 × 463

படி 3: காரணிகளின் எண்ணிக்கையும் கூடுதலும்

ஒரு காரணியை உருவாக்கும்போது நான்கு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 × 2 = 16. அவற்றின் கூடுதல் 6 × 8 × 14 × 464 = 311808. எண்ணைக் கழித்தால் 101143 மிஞ்சுகிறது. அது 210665ஐவிடச் சிறியது என்பதால் இது ஒரு குறை எண்.

படி 4: ஃபெர்மாவின் வழி

என்னைப் பொறுத்தவரை இந்த எண்ணின் மிக அழகான பண்பு இங்கேதான் வெளிப்படுகிறது. ஓரத்தில் எழுதிய 210681இலிருந்து 210665ஐக் கழியுங்கள். கிடைப்பது 16, அதாவது 4இன் வர்க்கம். எனவே நம் எண் 459² − 4². இதை (459 − 4) × (459 + 4), அதாவது 455 × 463 என்று எழுதலாம். ஒரு முறைகூட வகுக்காமல், ஒரே கழித்தலில் எண் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை பியர் டி ஃபெர்மா வகுத்த இந்த வழி, இரு காரணிகளும் வர்க்கமூலத்தை ஒட்டியிருக்கும்போது மிக விரைவாகப் பலிக்கும். அவை வெகு தொலைவில் இருந்தால், கழித்து வருவது ஒரு வர்க்கமாக அமையும்வரை 460, 461 என்று அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்களில் நெடுநேரம் தேட வேண்டியிருக்கும். 1977இல் உருவான ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் பாதுகாப்பு, இரு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனைப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியிருக்கிறது; அதில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான இரு பகா எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும், நெருங்கிய காரணிகளை இவ்வழி விரைவாகப் பிரித்துவிடுவதே காரணம்.

உங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டில் முயலும்போது, அது இரட்டைப்படையாக இருந்தால் ஒற்றைப்படை எண் வரும்வரை முதலில் 2ஆல் வகுத்துவிட்டு நான்காம் படிக்குச் செல்லுங்கள்.