கொடைக்கானலில் சீஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு இளம் ஜோடி. காலடியில் ஒரு கட்டைப்பை, அது நிறைய சீஸ். கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. வத்தலக்குண்டு தாண்டியதும் கால் நீட்ட இடமில்லையென்று அந்தப் பையன் பையைத் தூக்கி, வெயில் விழுகிற ஜன்னலோரம் வைத்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை. சொல்லலாமென்று வாய் வரை வந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் எதற்கென்று அடக்கிக்கொண்டேன். அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

எக்ஸ்பைரி தேதி பாருங்கள், கிழிந்த பாக்கெட்டை வாங்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. பால் பாக்கெட் வாங்கத் தெரிந்த யாருக்கும் அது தெரியும்.

ஊருக்கே சேர்த்து வாங்குவது

என் பணத்தைத் தின்றது இதுதான். முதல்முறை போனபோது பெரியம்மாவுக்கு அரை கிலோ, தங்கைக்கு அரை கிலோ, ஆபீசுக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம் என்று இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினேன். மொஸரெல்லா, செடார், கௌடா, கூடவே வெள்ளைத்தோல் போர்த்திய ஒரு மெத்தென்ற சீஸ். அதுவும் போன முதல் நாளே வாங்கி, ஃப்ரிட்ஜ் இல்லாத லாட்ஜ் அறையில் இரண்டு ராத்திரி வைத்திருந்தேன். மலையில்தான் குளிருகிறதே என்று ஒரு தைரியம்.

கொடைக்கானல் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கம்பளி கேட்கிற ஏப்ரலில் மதுரையில் தார் இளகும். நாலு மணி நேரப் பயணத்தில் அந்த இரண்டையும் சீஸ் பார்த்துவிடுகிறது. பால் கொழுப்பு 20 டிகிரி தாண்டும்போதே இளகத் தொடங்கி, 35 டிகிரி பக்கம் போனால் பெரும்பாலும் உருகிவிடும். கெட்டி சீஸின் மேல் வியர்வை மாதிரி எண்ணெய் நிற்பது அதனால்தான். வெளியே வந்த கொழுப்பு திரும்ப உள்ளே போகாது. மறுபடி குளிர வைத்தாலும் மேலே எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே ரப்பரும்தான் மிச்சம்.

நான் அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் ஃப்ரீஸரில் திணித்தேன். சீஸுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து ஊசி ஊசியாகப் பனியாகும். அது புரத வலையைக் குத்திக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் தண்ணீர் தனியாக ஒழுகும், மிச்சம் உதிரும். என் கௌடா கத்தி பட்டதும் ரவா லட்டு மாதிரி உதிர்ந்தது. துருவிப் பீட்சாவில் போடுகிற மொஸரெல்லாவுக்கு ஃப்ரீஸர் பரவாயில்லை. அப்படியே நறுக்கிச் சாப்பிட வாங்கிய சீஸுக்கு அது சுடுகாடு. அந்த மெத்தென்ற சீஸைப் பற்றிக் கேட்காதீர்கள். பெரியம்மா கவரைப் பிரித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள், "செத்த எலி ஏதாச்சும் பையில வந்துருச்சா?" என்றாள்.

இதைவிட எரிச்சல், அடுத்த வாரம். எங்கள் தெரு முக்கு சூப்பர் மார்க்கெட்டில் தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் அதே கம்பெனி, அதே செடார், அதே லேபிள். குளிர்சாதன வண்டியில் ஒழுங்காக வந்து இறங்கியிருக்கிறது. விலையும் பத்திருபது ரூபாய்தான் வித்தியாசம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதனால் இப்போது நான் செய்வது இது. ஃப்ரெஷ் மொஸரெல்லா, மெத்தென்ற வகை எல்லாம் மலையிலேயே ரொட்டியோடு தின்று தீர்த்துவிடுவேன். ஊருக்கு எடுத்து வருவது கெட்டியான, மாதக்கணக்கில் முதிர்ந்த வகை மட்டும். அதிலும் 200 கிராம், மிஞ்சினால் கால் கிலோ, கிளம்புகிற அன்று காலையில் வாங்கியது. மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற தெர்மாகோல் பெட்டி ஒன்று, ஐஸ் பேக் இரண்டு, நடுவில் ஒரு துண்டு. ஐஸ் நேரடியாகச் சீஸில் படக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் அடியில் காய்கறி வைக்கிற தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக்கிலேயே விட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் புழுங்கும்.

பூஞ்சை கண்டதும் மொத்தமாக வீசுவது

கெட்டி சீஸ் என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். மெத்தென்ற சீஸில் வேண்டாத பூஞ்சை வந்தால் குப்பைதான்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வாயில் போடுவது

அரை மணி நேரம் வெளியே வையுங்கள். ருசி அப்போதுதான் வரும்.

மலிவைப் பார்த்து மயங்குவது

1 கிலோ கெட்டி சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். உங்கள் ஊர் பால் விலையைப் பத்தால் பெருக்குங்கள். அதற்கும் கீழே ஒருவர் விலை சொன்னால், பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். தாவர எண்ணெய் என்று இருந்தால் அது சீஸ் மாதிரி ஒன்று, சீஸ் இல்லை.

சைவமா என்று கேட்காமல் விடுவது

பாலை உறைய வைக்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் வரும், நுண்ணுயிரிகளிலிருந்தும் வரும். இங்கே செய்கிற சீஸ் பெரும்பாலும் இரண்டாவது வகை, பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். இத்தாலியின் அசல் பர்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டி ரென்னட்டில்தான் செய்யப்படுகிறது. வீட்டில் சைவம் பார்ப்பவர்கள் இருந்தால் வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

திண்டுக்கல் பிரியாணியை மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு மலையேறுவது

வேண்டாம். இறங்கி வரும்போது சாப்பிடுங்கள்.

"எந்த ஓட்டல் ஃபேமஸ்?" என்று கேட்பது

அப்படிக் கேட்டால் கமிஷன் தருகிற கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருமுறை ஜீப் டிரைவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கூட்டிப்போன இடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லை, மூன்றே பெஞ்ச். ஒரு திபெத்திய அம்மா மோமோவும் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் கொடுத்தார். அந்தக் குளிருக்கு அந்த சூப் இறங்கிய சுகம் எந்தப் பெரிய ஓட்டலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மலைப்பூண்டை ஏரிக்கரையில் வாங்குவது

2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. பெயர் பெரிதானதும் கீழ்நாட்டுப் பூண்டுக்கும் மலைப்பூண்டு என்று பெயர் வைத்து விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் பூம்பாறைக்கே போய், விளைவிக்கிறவர்களிடம் வாங்குங்கள். வெண்ணெயில் நாலு பல் வதக்கி, ரொட்டியில் தடவி, மேலே செடாரைத் துருவிப் போட்டுத் தோசைக்கல்லில் மூடி வைத்தால் போதும். பூண்டுக்கு ஐஸ் பேக்கும் வேண்டாம், தெர்மாகோலும் வேண்டாம்.

இப்போதெல்லாம் நான் கொடைக்கானல் போகிறேன் என்றாலே பெரியம்மா போன் பண்ணிவிடுவாள். "ஏலே, பூண்டு ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. அந்த எலிய மட்டும் கொண்டாந்துராத."