பாரதூரமான வழக்கில் பிணை: எந்த நீதிமன்றம், என்ன கடதாசி

ஒருவரைப் பொலிஸ் பிடித்தவுடன் வீட்டார் குறித்துவைக்க வேண்டியவை: கைதான திகதி, பொலிஸ் நிலையம், பி அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) இலக்கம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு. பிணை கொடுக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு என்பதை அந்தப் பிரிவுதான் தீர்மானிக்கும். இது தெரியாமல், அதிகாரமில்லாத நீதவானிடமே மல்லாகத்திலும் சாவகச்சேரியிலும் தவணைக்குத் தவணை கேட்டு மாதங்களைத் தொலைக்கக் கூடாது.

இலங்கையின் 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பதுதான் விதிவிலக்கு. கொள்ளை, கடுங்காயம் போன்றவற்றில் நீதவானே விடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால், கொலை உட்பட, 13 ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்ற நீதிபதிதான் விடலாம். ஹெரோயின், ஐஸ் கடத்தல் வழக்குகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே விசேட காரணம் காட்ட வேண்டும். அரச பகுப்பாய்வாளர் அறிக்கையில் தூய நிறை (கலப்படம் நீக்கிய போதைப்பொருளின் நிறை) 10 கிராமோ அதற்கு மேலோ இருந்து, குற்றமும் மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரியதானால், கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் வழி. பொலிஸ் தராசில் நிறுத்த பொதியின் நிறையும் தூய நிறையும் ஒன்றல்ல. அதனால் அந்த அறிக்கை சுணங்கினால் சட்டத்தரணி ஒவ்வொரு தவணையிலும் மன்றுக்கு நினைவூட்ட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிக்குப் பிணைச் சட்டம் பொருந்தாது. ஆனால் 2022 திருத்தத்தின்படி, கைதாகி 12 மாதமாகியும் வழக்கு விளக்கம் (மன்றில் நடக்கும் விசாரணை) தொடங்கவில்லையென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம்.

யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் பிணை மனுவோடு சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து ஒப்பமிட்ட எழுத்து வாக்குமூலம்), நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியும் போக வேண்டும். பிரதி கையில் வரத்தான் நாள் எடுக்கும்; மனு போடுவதற்கு ஒரு கிழமை முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள். சட்டமா அதிபருக்கும் பொலிஸுக்கும் அறிவித்தல் போகும், ஆட்சேபனை வரும்.

சத்தியக்கடதாசியில் "அவர் நல்லவர், குடும்பத்தைப் பார்ப்பவர்" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. தவணைக்கு வராமல் ஓடிவிடுவாரா, சாட்சிகளில் கைவைப்பாரா, வெளியே வந்து வேறு குற்றம் செய்வாரா, மக்களிடையே கொந்தளிப்பு வருமா: பிணைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு கேட்பவை இவைதான். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள். சாட்சி பக்கத்து வளவில் இருந்தால், வழக்கு முடியும்வரை வவுனியாவில் உறவினர் வீட்டில் தங்குவார் என்று முகவரியோடு நீங்களே முன்வையுங்கள். மறுத்தால் நீதிபதி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அடுத்த மனுவை அந்தக் காரணத்துக்கே பதிலாக எழுதலாம்.

தீர்ப்பில்லாமல் ஒருவரை 12 மாதத்துக்கு மேல் மறியலில் வைக்க முடியாது என்கிறது பிணைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு. கணக்கு கைதான நாளிலிருந்து தொடங்கும். சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் ஒரு தடவைக்கு 3 மாதம் வரையாக, மொத்தம் இன்னும் 12 மாதம் நீட்டலாம். நீடிப்புக் கட்டளை இருக்கிறதா என்று வழக்கேட்டில் பாருங்கள். இல்லையென்றால் பிணை கேளுங்கள்; கேட்காமல் விட்டால் ஆள் உள்ளேயே கிடப்பார், தானாக யாரும் திறந்துவிட மாட்டார்கள்.

கட்டளை கிடைத்தும் அன்றிரவு மறியலிலேயே படுக்க வேண்டி வருவது பெரும்பாலும் பிணையாளிகளால்தான். கிராம அலுவலர் கொடுத்த வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் ஒப்பம் இல்லை. அல்லது அடையாள அட்டையில் முழுப்பெயர், சான்றிதழில் முதலெழுத்து மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சரீரப் பிணைக்கு, அதாவது ஆட்கள் பொறுப்பேற்கும் பிணைக்கு, கேட்பதைவிட ஒருவரைக் கூடுதலாக, வருமானச் சான்றோடு காலையிலேயே மன்றுக்குக் கூட்டிவாருங்கள். ஆள் தலைமறைவானால் பணம் கட்ட வேண்டியவர்கள் தாங்களே என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். காசுப்பிணைப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு முடிந்து காசை மீளப்பெற அது வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம்.

வெளியே வந்தபின் முறைப்பாட்டுக்காரர் வீட்டுக்குச் "சமாதானம் பேச" யாரும் போகக்கூடாது, நல்லெண்ணத்தோடு என்றாலும். சாட்சி விடயத்தில் தலையிட்டதாகப் பிணை ரத்தாகும். தவணையன்று காய்ச்சலென்றால் வைத்தியச் சான்றிதழ் அன்று காலையே சட்டத்தரணி கையில் இருக்க வேண்டும். வழக்கைக் கூப்பிட்டபின் கொண்டுபோனால் அதற்குள் பிடியாணை பிறந்திருக்கும்.