கார் ஹெட்லைட் மாற்றுவது எப்படி: வாங்குவது முதல் சுவரில் அளந்து சரிசெய்வது வரை

ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுவது. அது வேண்டாம். ஹெட்லைட்டில் வெளிச்சத்தின் அளவைவிட, அது விழும் இடம்தான் முக்கியம். கீழே சொல்லும் வேலைகளில் கடைசியாக வரும் சுவர் அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

வாங்கும் முன் இரண்டு சோதனை

லென்ஸ் மஞ்சளடித்திருந்தால் எந்தப் பல்பு போட்டாலும் வீண். 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிர் தாங்கும் கிளியர் கோட் அடியுங்கள். கிளியர் அடிக்காமல் விட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிவிடும்.

அடுத்தது வோல்டேஜ். இன்ஜின் ஓட, லோ பீம் எரிய, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு பல்பில் செருகும் பிளக்கான கப்ளரின் பின்பக்கம் முள்ளைச் செருகிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ஒயரிங்கில்தான். ஹாலஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இதை ரிலே ஒயரிங் சரிசெய்யும்; அதாவது பழைய சுவிட்ச் ஒயர் சிக்னல் மட்டும் தர, ரிலே என்ற மின்சுவிட்ச் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் கொடுக்கும். புதுப் பல்பு சரிசெய்யாது.

எதை வாங்குவது

பல்பு வகை ஹோல்டரிலோ கார் கையேட்டிலோ இருக்கும். ஹெச்4 என்றால் ஒரே பல்பில் ஹை 60, லோ 55 வாட் என இரண்டு இழை. ஹெச்7 என்றால் 55 வாட்டில் ஒரே இழை. 100/90 வாட் பல்பைத் தொடாதீர்கள். அந்தச் சூட்டில் கப்ளர் உருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பும் போய்விடும்.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பு போடுவதில் கவனம் தேவை. இழை இருந்த அதே புள்ளியில் சிப் நின்றால்தான் ரிஃப்ளெக்டர் ஒளியைச் சரியாகத் திருப்பும். கொஞ்சம் தள்ளினாலும், லோ பீம் வெளிச்சம் மேலே முடியும் எல்லையான கட்-ஆஃப் கோடு கலைந்து, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பல நாடுகளில் இதற்கு அனுமதியும் இல்லை. உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எல்இடிதான் வேண்டுமென்றால், அதற்கென்றே வடிவமைத்த முழு லைட் அசெம்பிளி வாங்குவதே சரி. நீலம் கலந்த வெள்ளை ஒளி பார்க்கப் பிரகாசமாகத் தோன்றினாலும் மழையிலும் பனியிலும் கூசும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 4300 முதல் 5000 வரை இருந்தால் போதும்.

அசெம்பிளி வாங்கும்போது லென்ஸில் வட்டத்துக்குள் உள்ள ஆங்கில ‘E’ முத்திரையைத் தேடுங்கள். பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். லைட்டுக்கு நேரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால், அது இடதுபக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. மாற்றி வாங்கிவிட்டால் எவ்வளவு திருகினாலும் பீம் சரியாகாது.

கழற்றி மாட்டுவது

கழற்றும் முன் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, பழைய கட்-ஆஃப் கோட்டை டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். லைட்டை அணைத்து ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பல கார்களில் பம்பரைத் தளர்த்தாமல் லைட் வெளியே வராது. பம்பர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் பெயின்ட் கீறாது. போல்ட் எல்லாம் எடுத்தும் வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். உள்ளே ஒரு கிளிப்போ மறைந்த போல்ட்டோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இழுத்தால் லைட்டைப் பிடித்திருக்கும் காது உடையும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டுங்கள். பல்பின் அடிவளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகே கம்பிக் கிளிப்பைப் பூட்ட வேண்டும். பின்னால் ரப்பர் மூடி முழுசாக மூடியிருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். மூடி சரியாக மூடாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும்.

ரிலே ஒயரிங்

லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-ஆம் முனைக்கும், 87-லிருந்து பல்புகளுக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுங்கள். பழைய கப்ளரில் வரும் சிக்னலை 86-க்கும், எர்த்தை 85-க்கும் கொடுங்கள். இரண்டு 55 வாட் பல்பும் சேர்ந்து 10 ஆம்பியருக்குள் இழுக்கும் என்பதால், ரிலே ஒன்றுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் சரியாக இருக்கும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள பகுதிக்குப் பாதுகாப்பே கிடையாது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். ஹெட்லைட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இதைச் செய்ய வேண்டாம். ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளலாம், எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

சுவரில் அளப்பது

டயர் காற்றைச் சரிபாருங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். உள்ளே லைட் உயரம் மாற்றும் திருகி இருந்தால் 0-வில் வையுங்கள். சமதரையில் காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு லைட்டின் மையத்தையும் சுவரில் குறியுங்கள். நேராக 10 மீட்டர் பின்னால் எடுங்கள். லோ பீமின் கட்-ஆஃப் கோடு குறிக்கு 10 செ.மீ. கீழே விழவேண்டும். பல கார்களில் லைட் அருகே 1.2% என்பது போல ஓர் எண் இருக்கும். அப்படியானால் உங்கள் காருக்கு 12 செ.மீ. ஒரு லைட்டின் முன் அட்டை வைத்து மறைத்துவிட்டு, இன்னொன்றின் பீமை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள்.

சரியாக எரியவில்லையா

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் அந்தப் பக்கத்து எர்த்தைப் பாருங்கள். எல்இடி எரியவேயில்லை என்றால், முனை மாறியிருக்கலாம். பிளக்கைத் திருப்பிச் செருக முடிந்தால் செருகிப் பாருங்கள். கட்-ஆஃப் கோடு சாய்ந்தோ கலைந்தோ தெரிந்தால் ஸ்க்ரூவைத் தொடாமல், முதலில் பல்பைக் கழற்றி மறுபடி உட்காரவையுங்கள். லென்ஸின் உள்ளே லேசாகப் பனித்து, லைட் எரிந்ததும் மறைந்தால் கவலையில்லை. துளித்துளியாக நின்றால் ரப்பர் மூடி, காற்றுத் துளை, லென்ஸ் ஓரத்துப் பசை மூன்றையும் சோதியுங்கள்.